சர்வர் ஓடுகிறதா என்று பார்த்துச் சொன்னவன்

திண்டிவனத்தில் கல்யாண ஆல்பம் போடுகிற எவனுக்கும் காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் சந்தேகம், விழுப்புரத்தில் சர்வர் ஓடுகிறதா என்பதுதான். விழுப்புரத்தில் ஒரு கலர் லேப் இருக்கிறது. நாங்கள் இங்கே படம் எடுத்து, பக்கம் பக்கமாக டிசைன் செய்து அனுப்பினால், அவர்கள் அங்கே அச்சடித்து, லேமினேஷன் போட்டு, தடித் தடியாக பைண்டிங் செய்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஒரு ஷீட்டே அறுபது எழுபது எம்பி வரும். நாற்பது ஷீட் ஆல்பத்தைச் செல்போனில் தட்டிவிட முடியாது. அதற்காக லேப்காரர்கள் தங்கள் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கி, எஃப்டிபி சர்வர் என்று பெயர் கொடுத்திருந்தார்கள். நாங்கள் கடையில் உட்கார்ந்தபடியே அதற்குள் நுழைந்து ஃபைல்களைப் போட்டுவிட்டு வரலாம்.

அது இஷ்டப்பட்டால் ஓடும், இல்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். முகூர்த்த மாதங்களில் லேப்புக்கு போன் அடித்தால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். அதனால் ஊரில் இருக்கிற ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் எனக்குத்தான் போன் அடிப்பார்கள். "அண்ணா, சர்வர் ஓடுதா கொஞ்சம் பாத்து சொல்லுங்கண்ணா."

பார்த்துச் சொல்வதற்கும் விவரம் வேண்டும். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து சர்வரின் முகவரியை அடித்து பிங் போட்டால், அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியும். உயிர் இருந்தால் மட்டும் போதாது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஃபைல் வாங்குகிற சர்வர் நின்றுபோயிருக்கும். ஆகவே அடுத்து எஃப்டிபி சாஃப்ட்வேரைத் திறந்து, யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் போட்டு நுழைந்து பார்க்க வேண்டும். மேலே வரிவரியாகச் செய்தி ஓடும். பச்சை வந்தால் உள்ளே போயாயிற்று. சிவப்பு வந்தால் இல்லை. எங்கள் ஆட்கள் நிறத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். சிவப்பா, சர்வர் அவுட், டீ குடிக்கப் போகலாம். அந்தச் சிவப்பு வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். முகவரியே கிடைக்கவில்லை என்று ஒரு சிவப்பு உண்டு. பாஸ்வேர்டு தப்பு என்று ஒன்று உண்டு. உள்ளே இடமில்லை, அப்புறம் வா என்றும் ஒன்று உண்டு. அந்த சர்வரில் ஒரே சமயத்தில் ஆறு இணைப்புகளுக்குத்தான் இடம். ஏழாவதாக வருகிறவனுக்கு சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சிவப்புதான் வரும். இது எனக்கும் லேப்பில் இருக்கிற ஆபரேட்டருக்கும் மட்டும் தெரியும். இந்தச் சின்ன விஷயத்தில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இந்த கர்வத்தைத் தவிர அப்போது என்னிடம் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. காரணம், மேம்பாலத்துக்காரன்.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு வருடத்துக்கு முன்னால் கடை போட்டவன். அதற்கு முன்னால் சென்னையில் பெரிய இடங்களில் வேலை பார்த்தவன். அவன் பெயரை மனசுக்குள்கூடச் சொல்லப் பிடிக்காமல் மேம்பாலத்துக்காரன் என்று வைத்திருந்தேன். அவன் கடைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே போனால் ஏசி. அவன் மனைவியே கூட உட்கார்ந்து ஆல்பம் டிசைன் செய்தாள். இரண்டு பேரும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு பேசிச் சிரித்துக்கொண்டிருப்பதை ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். என் வீட்டில் முப்பது வருடத்தில் ஒரு ஆல்பத்தைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு வயிறு எரிந்தது பாருங்கள், இறங்க வேண்டிய ஸ்டாப்பிங்கைக் கோட்டை விட்டேன்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். விலையைக் குறைத்து ஆர்டரைப் பிடித்தான், என்னைப் பற்றிக் கண்டபடி பேசினான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கலாம். அவனோ எங்கே பார்த்தாலும் வண்டியை ஓரங்கட்டி, "அண்ணா, சாப்டீங்களாண்ணா?" என்பான். விலையும் என்னைவிடக் கூடத்தான் சொன்னான். கூடக் கொடுத்து அவனிடமே போனார்கள்.

லேப்காரர்கள் செய்த ஒரு சோம்பேறித்தனம் எனக்கு வினையாக வந்து சேர்ந்தது. எல்லா ஸ்டுடியோவுக்கும் ஒரே யூசர் ஐடி, ஒரே பாஸ்வேர்டு. உள்ளே நுழைந்தால் கடைக்கு ஒரு ஃபோல்டர். என் ஃபோல்டரை நான் திறக்கலாம், அடுத்தவன் ஃபோல்டரையும் திறக்கலாம். யாரும் திறப்பதில்லை. நான் திறந்தேன். சர்வர் ஓடுகிறதா என்று பார்க்கப் போகிறவன், போனதும் போனோம் என்று மேம்பாலத்துக்காரனின் ஃபோல்டரையும் ஒரு தட்டுத் தட்டுவேன். முதலில் வாரம் ஒரு தரம். அப்புறம் தினம். அப்புறம் காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. வீட்டில் கேட்டால், "சர்வர் ஓடுதான்னு பாத்துக்கினு இருக்கேன்" என்பேன். பொய் இல்லை.

மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒரு ஜைனக் குடும்பம். மூன்று தலைமுறையாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். அவர்கள் வீட்டில் நடந்த மூன்று கல்யாணத்துக்கும் நான்தான் படம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள், அதனால் சாயந்தர வரவேற்பென்றால் நாலு மணிக்கே குரூப் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட வேண்டும். இது தெரியாத சென்னை வீடியோக்காரன் ஒருவன் ஒரு தடவை பெரியவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். எனக்கு அந்த வீட்டுக் கடிகாரமே அத்துப்படி என்று இறுமாந்திருந்தேன். ஒருநாள் சர்வரில் பார்க்கிறேன், அந்த வீட்டுக் கடைசிப் பெண்ணின் கல்யாணம் மேம்பாலத்துக்காரன் ஃபோல்டரில் கிடக்கிறது. அவன் எத்தனை மணிக்குக் குரூப் போட்டோ எடுத்தான் என்று ஃபைலில் நேரம் பார்த்தேன். மூணே முக்கால்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்தது என் அக்கா மகள் கல்யாணம்.

அக்காவைக் கொடுத்தது பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில். சொந்த நிலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் போட்டு அந்த ஒரே பெண்ணைப் படிக்க வைத்தார்கள். அவள் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நான் எடுத்த படம் இன்னும் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. காதுகுத்து, மஞ்சள் நீர், காலேஜில் பட்டம் வாங்கியது, எல்லாம் என் கேமரா. கல்யாணம் நிச்சயமானதும் நானே புது லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். அக்கா கூப்பிட்டாள்.

"டேய், போட்டோவுக்கு மேம்பாலத்தாண்ட கட வெச்சிகினு இருக்காரே, அவருகிட்ட சொல்லிட்டோம்டா" என்றாள்.

நான் புது லென்ஸை உறைக்குள் போட்டு மூடினேன்.

"கோச்சிக்காத. நீ தாய்மாமன்டா. மேடைல நின்னு பட்டம் கட்டணும், மால போடணும். நீ கேமராவ தூக்கிகினு ஓடினா அங்க யாரு நிக்கறது? எம்பொண்ணுக்கு மாமன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான?"

நியாயமான பேச்சு. அதனால்தான் இன்னும் எரிச்சல் வந்தது. நான் மேடையில் நிற்கிற பத்து நிமிஷத்துக்கு வேறு யாரையாவது எடுக்கச் சொல்லியிருக்கலாமே என்று வீட்டில் கத்தினேன். என் மனைவி, "உங்கள ஒருநாளாவது போட்டோவுல பாக்கலாம்னு அவங்களுக்கு இருக்காதா?" என்றாள். அவள் எப்போதும் அக்கா கட்சி.

கல்யாணத்தன்று திண்டிவனத்து மண்டபத்தில் பட்டு வேட்டியோடு நின்றேன். கை சும்மா இருந்தது. முப்பது வருடமாகக் கல்யாண மண்டபத்தில் என் கை சும்மா இருந்ததில்லை. பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டப் போனபோது மேம்பாலத்துக்காரன் எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்து, "அண்ணா, அவசரம் இல்லண்ணா, மெதுவா கட்டுங்க" என்றான். ஆயிரம் பேருக்கு நான் சொன்ன வார்த்தை. அவன் என்ன லென்ஸ் போட்டிருக்கிறான், விளக்கு எங்கே வைத்திருக்கிறான் என்றுதான் என் கவனம் போனது. பட்டம் கட்டியதே ஞாபகம் இல்லை.

மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. அவன் முதலில் கிளம்பிப் போய்விட்டான். இவளுக்கு விசா வந்து, ஒரு புதன்கிழமை சாயந்தரம் விமானம் என்று முடிவானது. போனால் இரண்டு வருடம் கழித்துத்தான் வருவாள். ஆல்பத்தைக் கையோடு எடுத்துப் போக வேண்டும், அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும்போது புரட்டிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை சாயந்தரத்துக்குள் எல்லா ஷீட்டும் விழுப்புரம் போய்ச் சேர்ந்தால் செவ்வாய்க்கிழமை ஆல்பம் கையில் இருக்கும். ஞாயிறு காலையில் அச்சு மெஷின் ஆட்கள் மட்டும் வந்து, சனிக்கிழமை ஆறு மணிக்குள் வந்து சேர்ந்ததை அடிப்பார்கள், புதிதாக எதையும் வாங்க மாட்டார்கள். சனிக்கிழமை விட்டால் திங்கட்கிழமைதான், ஆல்பம் வியாழனுக்குப் போய்விடும். இந்தக் கணக்கு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வழக்கம்போல சர்வர் ஓடுகிறதா என்று பார்த்தேன். பச்சை. மேம்பாலத்துக்காரன் ஃபோல்டரில் என் அக்கா மகள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சேர்ந்து ஒரு புது ஃபோல்டர். பதினாலு ஷீட் வந்திருந்தது, பதினைந்தாவது ஏறிக்கொண்டிருந்தது. அவன் மனைவி கடையிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

பார்த்ததோடு மூடியிருக்கலாம். மூடவில்லை. பதினாலையும் என் கம்ப்யூட்டருக்கு இழுத்தேன். ஒன்றில் இழுத்தால் நேரமாகும் என்று பாதியை இந்தக் கம்ப்யூட்டரிலும் மீதியைப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் போட்டேன். சாஃப்ட்வேர் ஃபைல் இழுக்கும்போது பார்வைக்கு ஒரு இணைப்பு, இழுப்பதற்கு இரண்டு இணைப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஆறு. அவள் உள்ளே இருந்ததால் எனக்கு ஐந்துதான் கிடைத்தது. நடுவில் எங்கள் ஊர் இன்டர்நெட் ஒரு நிமிஷம் துண்டித்துத் திரும்பி வந்தது. திரும்ப நுழைவதில் நான் முந்திக்கொண்டேன். ஆறும் என் கையில்.

ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் திறந்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூறு சதவீதம் பெரிதாக்கி கண்ணிமையில் ஃபோகஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பட்டுப்புடவையின் சிவப்பு கொஞ்சம்கூடக் கசியவில்லை. அக்காவின் முகத்தில் எனக்கே தெரியாத ஒரு அழகு இருந்தது. பன்னிரண்டாவது ஷீட்டில் நான். இரண்டு பக்கத்துக்கும் விரித்த ஒரே படம். பட்டம் கட்டி முடித்துவிட்டுக் கையை எடுக்காமல் அவள் தலைமேல் வைத்தபடி நிற்கிறேன். கண் கலங்கியிருக்கிறது. அழுதேன் என்பதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தை எடுத்தவனை ஒருத்தன் முதல் தடவையாகப் படம் எடுத்திருக்கிறான், அதற்கு ஆல்பத்திலேயே பெரிய இடத்தையும் கொடுத்திருக்கிறான்.

நன்றி வர வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது ஆத்திரம். இவ்வளவு நன்றாக எடுக்க இவன் யார்? என் அக்கா மகள், என் கண்ணீர். அதையும் இவன்தான் எடுக்க வேண்டுமா?

அப்போது போன் வந்தது. மேம்பாலத்துக்காரன்தான். பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

"அண்ணா, நா செஞ்சி ரோட்ல ஒரு காதுகுத்துல மாட்டிகினு இருக்கேன். வீட்ல ஃபைல் ஏத்திகினு இருந்தாங்க, திடீர்னு செவப்பா வருதாம். ஒரே பேஜாரா இருக்கு. உங்க அக்கா பொண்ணு ஆல்பம்தாண்ணா. சர்வர் ஓடுதா கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன்."

என் எதிரே இரண்டு திரையிலும் பச்சை. ஒரு பொத்தானை அழுத்தி நான் வெளியே வந்தால் அடுத்த நொடி அவள் உள்ளே போய்விடுவாள். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எத்தனையோ தடவை முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

"இருப்பா, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பார்ப்பதற்கு ஆகிற நேரம் வரைக்கும் சும்மா இருந்தேன். அப்புறம், "ஓடலப்பா" என்றேன்.

"அய்யோ. எப்பண்ணா வரும்?"

"பிங்கே வர்ல. மெஷினே படுத்துகிச்சி போல."

"நா வேணா பென் டிரைவ்ல எடுத்துகினு விழுப்புரம் போய்ட்டு வந்துடட்டா? இங்க சொல்லிட்டு ஜல்தியா கெளம்பினேன்னா மூணு மணிக்குள்ள போய்டலாம்."

போகச் சொல்லியிருந்தாலும் எல்லாம் சரியாகியிருக்கும். "எதுக்குப்பா, பங்சன பாதில விட்டுட்டு? சாயந்தரத்துக்குள்ள வந்துடும். வந்தா நானே சொல்றேன்" என்றேன்.

"சரிண்ணா. உங்க வீட்டு விசேஷம், நீங்க பாத்துப்பீங்க" என்று வைத்துவிட்டான்.

நாலு மணிக்கு ஒரு தரம், ஐந்தரைக்கு ஒரு தரம் அவன் கேட்டான். இரண்டு தடவையும் ஓடவில்லை என்றேன். இணைப்பு அறுந்துவிடாமல் இருக்கப் பார்த்த ஷீட்டையே மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்தேன். மற்ற ஸ்டுடியோக்காரர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் அதையேதான் சொன்னேன், ஊருக்கே ஒரு பதில். ஆறு மணிக்கு லேப் மூடியதும்தான் வெளியே வந்தேன். அவன் மனைவி நாள் முழுக்கச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனான். மத்தியானம் நேராக என் கடைக்கு வந்தான். ஆபரேட்டர் சொல்லியிருப்பான், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, நானும் குரலை உயர்த்துவதற்குத் தயாரானேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "வியாழக்கெழமதான் முடியும்னுட்டாங்கண்ணா. காலைலர்ந்து கெஞ்சி பாத்துட்டேன். அதுல ஒரு கொழுப்பு பாருங்க, சனிக்கெழம சர்வர் நிக்கவே இல்லையாம். திண்டிவனத்துலர்ந்து யாரோ நாளெல்லாம் உள்ளயே இருந்தாங்களாம். தப்ப அவங்க பண்ணிட்டு நம்ம மேல போடறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நல்லா கேட்டுட்டேண்ணா. எங்க அண்ணன் மூணு தபா பாத்து சொன்னாரு, ஓடலன்னு. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

நான் டீ சொன்னேன். அவன் குடித்தான். போகும்போது, "அக்காகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணா, எனக்கு மூஞ்சி காட்டவே கூச்சமா இருக்கு" என்றான். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

புதன்கிழமை நான் வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. கடையில் ஆள் இல்லை என்று சாக்குச் சொன்னேன். மூன்று மணிக்கு அவளே அங்கிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, உள்ள போறேன் மாமா. உங்க கால்ல விழணும்னு இருந்தேன், நீங்க வரவே இல்ல."

"வேல இருந்திச்சிம்மா. ஜாக்கிரதையா போய்ட்டு வா."

"ஆல்பம்தான் மாமா வர்ல." குரல் உடைந்துவிட்டது. "பெட்டில அதுக்குன்னு எடம் விட்டு வெச்சிருந்தேன். கடேசில அம்மா ஊறுகா பாட்டில வெச்சிட்டாங்க. நீங்க எடுத்திருந்தீங்கன்னா எப்பவோ என் கையில இருந்திருக்கும். அம்மாவும் அதத்தான் சொல்லிகினு இருக்காங்க. அவருகிட்ட குடுத்தது எங்க தப்பு மாமா."

நாலு மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அவள் வாயாலேயே, அழுதுகொண்டே சொன்னாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அவன் மேல தப்பு இல்லம்மா" என்றேன். அதுவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. "சர்வர் ஓடல. நானே பாத்தேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "உங்களுக்கு எவ்ளோ நல்ல மனசு மாமா. போட்டோவ உங்ககிட்ட குடுக்கலன்னு கோவம்கூட இல்லாம, அவர விட்டுக்குடுக்காம பேசறீங்க பாருங்க. நா போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன், எங்க மாமா மாதிரி யாரும் கெடையாதுன்னு."

சரிம்மா என்று சொன்னேன்.